பேச்சி இவ்வளவு தயங்கலாமா? வறண்ட மதுரையில் நடக்கும் என் இளையோர் நாவல், ஏழாம் அத்தியாயம்

சுனைக்கரை (ஒத்தக்கடை)
எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கானது. இன்னும் எழுபது வருடம் கழித்து நம்ம மதுரையில் நடக்கிறது. வைகை வெறும் மணல். பெரியாற்றுத் தண்ணீர் வருவதில்லை. நான்கு வெளி வீதிகளையும் ஒட்டி மதில் எழுப்பியிருக்கிறார்கள். மாசி வீதிக்காரர்களுக்கு வீட்டுக்கு நாலு குடம், ஆவணி மூல வீதிக்கு ஆறு, சித்திரை வீதிக்குக் கணக்கே கிடையாது. மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை.

நாயகி பேச்சிக்குப் பதினாறு வயது. மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளில் தண்ணீர் தேடி, குடத்தை முதுகில் கட்டிக்கொண்டு, ராத்திரியில் மதிலுக்குள் கடத்தும் கூட்டத்தில் ஒருத்தி. அம்மா இல்லை. தம்பி காய்ச்சலில் கிடக்கிறான்.

ஏழாம் அத்தியாயத்தில், நாலு நாள் அலைந்த பிறகு ஒரு பாறை இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் கிடைக்கிறது. அதே இடத்தில் மதிலுக்குள்ளிருந்து தப்பி வந்த ஒரு பெண் நாக்கு வறண்டு கிடக்கிறாள். இவள் வயதுதான். அவளுக்குக் கொடுத்தால் தம்பிக்கு மிஞ்சாது. பேச்சி தயங்குகிறாள். பதினொரு பக்கம்.

வாசிப்பு வட்டத்தில் இதை வாசித்தேன். "முடிவெடுக்கிறவதானே நாயகி? இவ உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்கா. ஒரு பக்கமா வெட்டு" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்களும் ஆமோதித்தார்கள். ரெண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அந்தத் தயக்கத்தை எழுதத்தான் நாவலையே தொடங்கினேன். பேச்சிக்கு மூன்று சந்தேகங்கள். தம்பி இன்னும் உயிரோடு இருக்கிறானா என்பது ஒன்று. இந்தப் பெண் மதில்காரர்கள் அனுப்பிய ஆளா என்பது இன்னொன்று. மூன்றாவதை அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள்: யாருக்கும் கொடுக்காமல் தானே குடித்துவிட வேண்டும் போலிருக்கிறது. அதை எழுத எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

வெட்டட்டுமா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கோரிப்பாளையம் வாசகர்
வெட்டுங்க. உங்க மேல மதிப்பு வச்சுத்தான் சொல்றேன்.

இந்த வகைக்கு ஒரு பெரிய வாசல் திறந்துவிட்டது 2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' என்ற ஆங்கில நாவல். அதில் டிவியில் காட்டும் உயிர்ப்போட்டிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் தங்கை பெயர் வந்ததும் அக்கா முன்னால் வந்து நிற்கிறாள். அங்கே யோசனைக்கு இடமே இல்லை. சந்தேகமெல்லாம் பிறகு வருகிறது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது கூட இருக்கும் பையனிடம் காட்டும் அன்பு நடிப்பா, நிஜமா என்று அவளுக்கே தெரியாது. அந்தக் குழப்பம் மூன்று புத்தகத்துக்கு நீள்கிறது. ஆனால் பெரும்பாலும் அவள் சும்மா உட்கார்ந்து குழம்புவதில்லை. காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, ஓடிக்கொண்டே, ஒளிந்துகொண்டே குழம்புகிறாள். தன்மையில், நிகழ்காலத்தில் எழுதியிருப்பதால் கை செய்வதும் மனசு நினைப்பதும் ஒரே வரியில் வருகின்றன.

பேச்சி பாறை மேல் உட்கார்ந்து பதினொரு பக்கம் நினைத்தால், நாலாம் பக்கத்தில் படிக்கிற பையன் போனை எடுத்துவிடுவான். அது அவன் தப்பில்லை.

பதினொன்னாப்பு (திருமங்கலம்)
அக்கா, நான் பதினொண்ணு படிக்கிறேன். உங்க கதை யாருக்குன்னு சொன்னீங்களோ அந்த ஆளு நான்தான்.

நத்தம் ரோட்டுல இருக்கிற கலைஞர் நூலகத்துக்கு மாசம் ஒரு தடவை அப்பா கூட்டிட்டுப் போவாங்க. இந்த மாதிரி புத்தகங்கள் இங்கிலீஷ்ல நிறைய படிச்சிட்டேன். எனக்கு ஒரு குறை. பொண்ணு அரசாங்கத்தையே எதுத்து நிக்கிறா, ஆனா அவளோட பெரிய சந்தேகம் 'இவனா, அவனா'ன்னு வந்து முடிஞ்சிடுது. பேச்சிக்கு அப்படி யாரும் இல்லைங்கிறதே எனக்குச் சந்தோஷம்.

ரொம்பப் பிடிச்ச இடம் 'டைவர்ஜென்ட்' நாவல் வரிசையில வரும். அதுல நாயகி தன் நண்பனையே சுட வேண்டியதாயிடும். ரெண்டாவது புத்தகத்துல அவளால துப்பாக்கியைக் கையில பிடிக்கவே முடியாது. ரொம்ப நாள் யார்கிட்டயும் காரணமும் சொல்ல மாட்டா. அதை நான் ரெண்டு தடவை படிச்சேன். தைரியமான பொண்ணுன்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்கும்போது உள்ள ஒண்ணு உடைஞ்சு கிடக்கிறதை வெளியே சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும். வீட்டுல என்னைத் தைரியசாலின்னுதான் சொல்றாங்க.

வெட்டாதீங்க. ஆனா வரிசையை மாத்துங்க. 'ஆள் அனுப்பின பொண்ணா இருக்குமோ'ன்னு பேச்சி நினைக்கிறது நிஜமான சந்தேகமே இல்லக்கா. அவளுக்குத் தாகம். குடிக்கணும். அதுக்கு ஒரு சாக்கு வேணும், அதுதான் அந்தச் சந்தேகம். நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். மூணாவதா வச்சிருக்கிறதை முதல்ல வைங்க. அப்புறம் அவ எது சொன்னாலும் நான் நம்புவேன்.

சுனைக்கரை
தங்கச்சி, இதைப் படித்துவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றேன். மூன்று வருடமாக அது நிஜமான சந்தேகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சாக்கு. நீ சொன்ன பிறகுதான் எனக்கே தெரிகிறது.

மேலூர் தமிழாசிரியர்
அம்மா, தங்கள் மதிலைப் பற்றி முதலில் ஒரு சொல். வெளி வீதி என்பதே பழைய கோட்டையின் அகழி கிடந்த இடம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து வீதியாக்கினார்கள். ஆக, உங்கள் கதையில் அவர்கள் மதிலைப் புதிதாகக் கட்டவில்லை, பழைய தடத்திலேயே திரும்ப எழுப்புகிறார்கள். பேச்சிக்கு அது தெரிந்திருந்தால் அவள் மதிலைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். ஒரு தடவை இடிந்தது என்று தெரிந்தவள் அவள்.

ஊர் வறண்டு போவதும் நமக்குப் புதிதல்ல. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம், அதாவது பஞ்சம், வந்ததையும், புலவர்களைக் காப்பாற்ற முடியாமல் 'நாடு நாடாயின பின் வாருங்கள்' என்று அரசன் அனுப்பிவிட்டதையும் இறையனார் களவியல் உரை என்ற பழைய இலக்கண உரைநூல் சொல்கிறது. அனுப்பப்பட்டவர்கள் கதை நமக்குக் கிடைக்கிறது. போக இடமில்லாமல் இங்கேயே கிடந்தவர்கள் கதை கிடைக்கவில்லை. தாங்கள் எழுதுவது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

இப்போது தயக்கத்துக்கு வருகிறேன். மதுரையை எரித்தவளையே எடுத்துக்கொள்வோம். கண்ணகி என்றதும் நமக்குச் சிலம்பை உயர்த்திய கைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் புகாரில் இருக்கும்போதே கெட்ட கனவு கண்டு, நெஞ்சு ஐயப்படுகிறது என்று தோழி தேவந்தியிடம் சொன்னவள் அவள்தான். கணவன் கொலையுண்ட செய்தி வந்ததும் நேரே அரண்மனைக்கு ஓடவில்லை. சூரியனைப் பார்த்து, என் கணவன் கள்வனா என்று கேட்கிறாள். கோவலன் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்கிறாள். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் வழக்குரைக்கிற குரலுக்கு அந்தச் சூடு வந்திருக்காது. தீயை ஏவும்போதும் முதியவர், குழந்தைகள், அறவோர் என்று விலக்கிச் சொல்கிறாள். கோபத்தின் உச்சியிலும் யார் யாரை விடுவது என்று நின்று யோசித்தவள்.

இருநூறு தடவை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அந்தச் சூரியன் கேள்வி வரும்போது மட்டும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கோரிப்பாளையம் வாசகர்
ஐயா, நீங்க சொன்னதை மறுக்கல. ஆனா அந்தக் கேள்வி எத்தனை அடி? கேட்டாள், பதில் வந்தது, கிளம்பிவிட்டாள். இளங்கோ பதினொரு பக்கம் எழுதலையே. என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்றீங்க.

மேலூர் தமிழாசிரியர்
அடி கணக்கில் தாங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் ஆய்ச்சியர் சேரியில் எத்தனை தீநிமித்தம், எவ்வளவு காத்திருப்பு! பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, குரவை ஆடுகிறார்கள். அந்தக் காத்திருப்பெல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு வரி. நேரத்தைக் குறைக்க வேண்டாம், பேச்சியின் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.

ராத்திரி டூட்டி
நான் இருபத்திரண்டு வருஷமா நர்ஸ். கதை எழுதத் தெரியாது. ஆனா இந்தத் தயக்கம் எனக்குத் தெரியும், அதனால எழுதறேன்.

2021 மே மாசம், கொரோனா நேரம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல. ஒரு ராத்திரி என் வார்டுல ஆக்சிஜன் பாயிண்ட் ஒண்ணுதான் காலி. வெளியே ரெண்டு பேர். ஒரு பெரியவர், ஒரு சின்னப் பொண்ணு. டாக்டர் யாருன்னு சொன்னார். குழாயை மாட்டி வால்வைத் திருகினது நான். கை ஆடல. மாஸ்க் சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்த்தேன், அளவு குறிச்சேன், அடுத்த கட்டிலுக்குப் போனேன். அந்த நேரத்துல மனசுல ஒரு சந்தேகமும் இல்லைன்னா நம்புவீங்களா? இல்லவே இல்லை.

வந்தது காலையில. டூட்டி முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறேன். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டினார். வாங்க முடியல. அப்பத்தான் கை ஆடுச்சு. இன்னொருத்தர் என்ன ஆனார்னு நான் அப்புறம் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நாலு வருஷம் கழிச்சும் அந்த வழியா பஸ் போகும்போது நான் ஜன்னல் பக்கம் பார்க்கிறதில்ல.

சந்தேகம் செய்யறதுக்கு முன்னாடி வர்றது கம்மிம்மா. செஞ்சதுக்கு அப்புறம்தான் வருது, வந்தா போறதில்ல. பேச்சிக்கு ஏழாம் அத்தியாயத்துல கொஞ்சம் வரட்டும். மீதி பன்னிரண்டுல, பதினஞ்சுல, அவ சிரிச்சுக்கிட்டிருக்கிற ஒரு நேரத்துல வரட்டும்.

இனி தொழில் சொல்ற விஷயம். நாலு நாள் தண்ணி பத்தாதவ நீங்க எழுதின மாதிரி கண்ணீர் விட்டு அழ மாட்டா. கண்ணீர் வராது. நீர்வத்தல் முத்தினதுக்கு அது ஒரு அடையாளம். எச்சில் நூல் மாதிரி ஒட்டும், தலை இடிக்கும், சின்னதுக்கெல்லாம் எரிச்சல் வரும், ஒரே நினைப்பு திரும்பத் திரும்பச் சுத்தும். தோலைக் கிள்ளி விட்டா மடிப்பு அப்படியே நிக்கும். இவ அழணும்னு நினைச்சு அழ முடியாம இருக்கிறதை எழுதுங்க.

இன்னொண்ணு. அப்படிக் கிடக்கிறவளுக்கு மொத்தமா ஊத்தினா வாந்தி எடுத்துருவா. முதல்ல உதட்டை நனைக்கணும். அப்புறம் ஒரு மடக்கு. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு மடக்கு. அதனால 'கொடுக்கிறதா வேண்டாமா'ங்கிற முடிவு ஒரு தடவை எடுக்கிறதே இல்ல. ஒவ்வொரு மடக்குக்கும் எடுக்கணும்.

சுனைக்கரை
அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பேச்சி அழும் இடத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணீர்தான் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த டீ கிளாஸ் என் மனதை விட்டுப் போகாது. அதை என் கதையில் எடுத்துக்கொள்ள மாட்டேன், அது உங்களுடையது.

கம்மாய்க்கரை (செல்லம்பட்டி)
தாயி, எனக்கு அறுபத்தெட்டு வயசு. பேத்தி போன்ல இதைப் படிச்சுக் காட்டுச்சு. நான் சொல்லச் சொல்ல அதுதான் அடிக்குது.

கதையில ஒரு தப்பு இருக்கு. வருசக்கணக்கா மழை இல்லாத பூமியில வெறும் பாறை இடுக்குல தண்ணி நிக்காது, வெயிலே குடிச்சுரும். தண்ணி கீழே இருக்கும். மலை அடிவாரத்து ஓடையில, அடியில பாறை படுத்திருக்கிற இடமாப் பாத்து மணலைத் தோண்டணும். நாங்க சின்னப்புள்ளையா இருக்கையில கோடைக்கு ஆத்துல ஊத்துத் தோண்டித்தான் குடிச்சோம். கையால தோண்டணும். முழங்கை ஆழத்துக்கு மேல போனா மண்ணு நிறம் மாறும், குளிர்ச்சி தட்டும். அப்புறம் சுத்திச் சரியாம அணைச்சுவிடணும். அப்பத்தான் ஊறும்.

சீமைக்கருவேலம் பச்சையா நிக்குதேன்னு அங்கிட்டுப் போயித் தோண்டிறக் கூடாது. அது வேரு எங்கிட்டோ ஆழத்துல கிடக்கும். நாணல் தூரு இருக்கான்னு பாக்கணும்.

முக்கியமான சேதி இதுதான். முதல்ல ஊறுறது கலங்கல். அதைச் சிரட்டையில மோந்து வெளியே இறைச்சுக் கொட்டணும். கொட்டக் கொட்டத்தான் தெளியும். தாகத்துல கிடக்கிற புள்ளை முதல் தண்ணியக் கொட்டுமா? கொட்டாமக் குடிச்சா மண்ணு. எங்க அப்பத்தா கையப் பிடிச்சுக்கிட்டு 'பொறு, பொறு'ன்னு சொல்லும். ஒரு சிரட்டை ஊற எம்புட்டு நேரமாகும் தெரியுமா? பாத்துக்கிட்டே இருக்கணும். வேற வேலை கிடையாது. நீ பதினோரு பக்கம் எழுதினியே, அந்த நேரந்தான் அது.

தாது வருசப் பஞ்சத்துல சனங்க பட்ட பாட்டை எங்க பாட்டன் வழியாக் கேள்விப்பட்டிருக்கேன். 1895இல் பெரியாத்துத் தண்ணி இங்கிட்டுத் திரும்பினதாலதான் மேலூர் வரைக்கும் நெல்லு வெளஞ்சது. அது நிக்கும்னு நீ எழுதுறது எனக்குப் பதறுது. எழுது. பதறணும்.

வில்லாபுரம் அம்மா
எல்லாரும் தயக்கத்தையே பேசுறீங்க. பேச்சிக்குக் கோபமே வரலையா? நாலு குடம், ஆறு குடம்னு பிரிச்சவன் மேல வர வேண்டிய கோபமெல்லாம் தன் மேலேயே வருது, 'நான் கெட்டவளோ'ன்னு. பதினாறு வயசுப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் தன்னைத்தான் குத்தம் சொல்லிக்கும். என் மகளும் அப்படித்தான். ஆனா கதையில ஒரு இடத்துலயாவது அவ நிமிர்ந்து மதிலைப் பார்க்கணும்.

அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம்னு ஏலம் விட்டப்ப எத்தனை பெண்கள் ரோட்டுக்கு வந்தாங்க! 2025 ஜனவரியில மதுரை வரைக்கும் நடந்து வந்தாங்க, அந்த மாசமே ஏலம் ரத்தாச்சு. அந்த மலையைச் சுத்தி எழுபத்திரண்டு ஏரியும் இருநூறு சுனையும் இருக்குன்னு அரசாங்கமே 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சப்ப சொன்னது. வந்தவங்கள்ல யாருக்கும் பயம் இல்லாம இல்ல. என் அக்கா வந்துச்சு. ராத்திரி பூரா 'போகவா வேண்டாமா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, விடிஞ்சதும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிருச்சு. பேச்சியோட பாட்டிக்குப் பாட்டி அந்த நடையில வந்தவளா இருக்கலாமே.

கோரிப்பாளையம் வாசகர்
ஊத்து விஷயத்தைப் படிச்சதும் என் வார்த்தையை வாபஸ் வாங்குறேன். அவள் கைக்கு வேலை வந்துடுச்சு. இனி எத்தனை பக்கம் வேணும்னாலும் எழுதுங்க, நான் படிப்பேன். நாயகி முடிவெடுக்கணும்னு நான் நினைச்சது ஒரே ஒரு பெரிய முடிவை. நர்ஸ் அக்கா சொன்ன பிறகு மடக்கு மடக்கா எடுக்கிற முடிவுதான் கஷ்டம்னு படுது.

சுனைக்கரை
நாலு நாள் ஆயிற்று. பாறை இடுக்கை எடுத்துவிட்டேன். ஓடை மணல் வந்துவிட்டது. தன்மையில், பேச்சி பேச்சிலேயே எழுதிப் பார்த்தேன். தொடக்கம் மட்டும் இங்கே:

*முழங்கைக்கு மேல போனதும் மண்ணு குளிருது. நகக்கண்ணுல மணல் ஏறி எரியுது, நிறுத்தல. குழிக்கடியில ஒரு மினுக்கு. தண்ணிதான். சிரட்டைய வச்சு அமுக்குறேன். பாதிகூட நிறையல, செம்மண்ணாட்டம் இருக்கு.*

*இதைக் கொட்டணும். ஆயா சொல்லிக் குடுத்திருக்கு. கொட்டணும்னு தெரியும். வாய் கிட்டக் கொண்டுபோயிட்டேன். மண்ணு வாசம் மூக்குல ஏறுது. அந்தப் புள்ள கண்ணைத் தொறந்து என்னையப் பாக்குது. அது பாக்கலைன்னா குடிச்சிருப்பேன். அது பாக்குதேன்னு எனக்கு ஆத்திரம் வருது. மதிலுக்குள்ள இருந்தவதானே நீ, ஆறு குடம் குடிச்சவதானே, இங்க எதுக்கு வந்து கிடக்கன்னு மனசு கத்துது. மதில்காரன் அனுப்பிச்சவளா இருக்கும். இருக்கணும். அப்படி இருந்தா நல்லாருக்கும்.*

*கொட்டிட்டேன். மணலு 'சொர்'ருனு இழுத்துக்கிருச்சு.*

*ரெண்டாவது சிரட்டை ஊறணும். குத்தவச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். தூரத்துல மதிலு வெயில்ல வெள்ளையா நிக்குது. ஒரு தரம் அது இடிஞ்சு கிடந்துச்சாம், ஆயா சொல்லும். தம்பி இந்நேரம் என்னையக் கூப்பிட்டிருப்பான். அழணும்போல இருக்கு, கண்ணு எரியுது, ஒண்ணும் வரல.*

*சிரட்டையில முக்கால் வந்திருச்சு. தெளிஞ்சிருக்கு. என் மூஞ்சி தெரியுது. துணிய முக்கி அந்தப் புள்ள உதட்டுல வச்சேன். ஏன் வச்சேன்னு தெரியல. வச்ச கையோட மிச்சத்தை நான் குடிச்சேன். தம்பிக்கு வைக்கல.*

பதினொன்னாப்பு
"அப்படி இருந்தா நல்லாருக்கும்." அக்கா, அந்த வரியில எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. அந்தப் பொண்ணு பேரு என்ன?

சுனைக்கரை
பேச்சி இன்னும் கேட்கவில்லை. பேர் தெரிந்தால் அடுத்த சிரட்டையையும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயம்.

ராத்திரி டூட்டி
"தம்பிக்கு வைக்கல" அங்கேயே இருக்கட்டும். யார் சொன்னாலும் எடுக்காதீங்க. அவ பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் அப்புறம் வரும்.

கம்மாய்க்கரை
சரியா எழுதிட்ட தாயி. பொழுது சாஞ்சதும் ஊத்துக்கு மேல முள்ளு வெட்டிப் போடச் சொல்லு. இல்லாட்டி நாய், நரி எறங்கிரும். ராப்பூரா மோக்காம விட்டா விடியக்குள்ள நெறஞ்சு கிடக்கும், தம்பிக்கு அதுல எடுத்துக்கிரலாம். அந்தப் புள்ளையையும் முள்ளுக்கு இங்கிட்டு, நிழலாப் பாத்துப் படுக்க வைக்கச் சொல்லு.